மோசே எழுதிய சின்ன எழுத்து

வேதபாடம்: லேவியராகமம் 1:1, 16:1-4, எண்ணாகமம் 12:3, உபாகமம் 9:4-6, 26:1-11

 

லேவியராகமம் என்றாலே நம்மில் பலருக்கு ஒரு தயக்கம் உண்டு. புது வருஷ ஆராதனையில் தீர்மானம் எடுத்து, ஆதியாகமத்தில் வேகமாகப் புறப்படுகிறோம். யோசேப்பின் சரித்திரம் வரைக்கும் ஓட்டம்தான். செங்கடல் வரைக்கும் தடையில்லை. ஆசரிப்புக் கூடாரத்தின் பலகையும் கொக்கியும் வந்ததும் நடை தளருகிறது. லேவியராகமம் வந்ததும் வண்டி நின்றுவிடுகிறது. "பாஸ்டர், புரியல, அதனால சங்கீதத்துக்குப் போயிட்டேன்" என்று சொல்லுகிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். சங்கீதம் வாசிக்கிறது நல்லதுதான். ஆனால் தேவன் கொடுத்த வீட்டில் ஒரு அறையை மட்டும் பூட்டியே வைத்திருப்பது நியாயமா?

யூத ஜனங்கள் அப்படிப் பூட்டி வைக்கிறதில்லை. மோசேயின் ஐந்து ஆகமங்களை அவர்கள் தோரா என்று சொல்லுகிறார்கள். அதை 54 பகுதிகளாகப் பிரித்து, ஓய்வுநாள்தோறும் வாசித்து, ஒரு வருஷத்துக்குள் முடித்துவிடுவார்கள். சில ஓய்வுநாட்களில் இரண்டு பகுதிகள் சேர்ந்து வரும். கூடாரப்பண்டிகை முடிந்ததும், உபாகமத்தின் கடைசி வார்த்தையை வாசித்த அதே நாளில், உட்காராமல் ஆதியாகமத்தின் முதல் வார்த்தையையும் வாசித்துவிடுகிறார்கள். மோசே மரித்தார் என்று சொல்லிப் புஸ்தகத்தை மூடி வைக்கிற பழக்கம் அவர்களுக்கு இல்லை. அந்தச் சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. வாசிக்கிறவர் எழுத்தின்மேல் விரல் வைக்கமாட்டார். நுனியில் சின்னக் கை வடிவம் உள்ள ஒரு கோலால் வரியைக் காட்டிக்கொண்டே வாசிப்பார். இதைப் பார்க்க எருசலேம் வரை போகவேண்டியதில்லை. பக்கத்திலே கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ல் கட்டப்பட்ட யூத ஜெபஆலயம் இன்றும் நிற்கிறது. 1948ல் இஸ்ரவேல் தேசம் உண்டான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலானோர் அங்கே குடியேறிவிட்டார்கள். அதுவரைக்கும் அந்த மலையாள மண்ணில் தலைமுறை தலைமுறையாக மோசேயின் ஆகமங்களை எபிரெயு மொழியிலே வாசித்தார்கள்.

நம்முடைய ஆண்டவரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்தான். லூக்கா 4ம் அதிகாரத்தைப் பாருங்கள். ஓய்வுநாளில் ஜெபஆலயத்துக்குப் போவது அவருக்கு வழக்கமாகவே இருந்தது. பவுல் பிசீதியாவிலுள்ள அந்தியோகியாவுக்குப் போனபோதும், நியாயப்பிரமாணமும் தீர்க்கதரிசிகளும் வாசித்து முடித்த பிறகுதான் அவரைப் பேசச் சொன்னார்கள் (அப்போஸ்தலர் 13:15). வாசிப்பு முதலில், பிரசங்கம் பிறகு. இன்றைக்கு நம்முடைய கூட்டங்களில் வாசிப்பு மூன்று நிமிஷம், மற்றதெல்லாம் நாம் பேசுகிறது. இதை நானும் சேர்த்துத்தான் எல்லா ஊழியக்காரருக்கும் சொல்லுகிறேன்.

சரி, லேவியராகமத்துக்கு வருவோம். அதன் முதல் வார்த்தை எபிரெயு மொழியில் "வாயிக்ரா". "அவர் கூப்பிட்டார்" என்று அர்த்தம். கர்த்தர் ஆசரிப்புக் கூடாரத்திலிருந்து மோசேயைக் கூப்பிட்டார். அந்த வார்த்தையின் கடைசி எழுத்து ஆலெப். எபிரெயு அரிச்சுவடியில் அதுதான் முதல் எழுத்து, நம்முடைய "அ" இருக்கிற இடத்தில் இருப்பது. தோரா சுருளை எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் வருகிற ஆலெப்பை மட்டும் மற்ற எழுத்துக்களைவிடச் சின்னதாக எழுதுவார்கள். நூற்றாண்டுகளாக அப்படியே எழுதி வருகிறார்கள். அச்சடித்த எபிரெயு வேதாகமத்திலும் இந்தச் சின்ன எழுத்தைப் பார்க்கலாம். நான் டிப்ளமோ படித்த நாட்களில் எபிரெயு அரிச்சுவடிக்கு மேல் அதிகம் ஏறவில்லை. ஆனாலும் இந்த ஒரு எழுத்து மனதைவிட்டுப் போகவில்லை.

ஏன் சின்னதாக எழுதவேண்டும்? யூத போதகர்கள் ஒரு விளக்கம் சொல்லுகிறார்கள். அந்த ஆலெப்பை எடுத்துவிட்டால் வார்த்தை வேறாகிவிடும். கூப்பிட்டார் என்பது போய், தற்செயலாய் எதிர்ப்பட்டார் என்கிற மாதிரி ஆகிவிடும். எண்ணாகமம் 23ல் கூலிக்குத் தீர்க்கதரிசனம் சொல்ல வந்த பிலேயாமைத் தேவன் சந்தித்ததற்கு அந்த வார்த்தைதான் எழுதியிருக்கிறது. மோசேக்குக் கூச்சம். "தேவன் என்னைப் பேர் சொல்லிப் பிரியமாய்க் கூப்பிட்டார் என்று நானே என் கையால் எப்படி எழுதுவது? பிலேயாமுக்கு எழுதின மாதிரியே எனக்கும் எழுதிவிடுகிறேன்" என்று நினைத்தாராம். தேவனோ, "இல்லை, ஆலெப்பையும் எழுது" என்றாராம். கீழ்ப்படிந்து எழுதினார், ஆனால் சின்னதாக.

இது விளக்கம்தான், வேதவசனம் அல்ல. வசனத்துக்குச் சமமாக யாரும் இதை வைக்கவேண்டாம். ஆனாலும் எண்ணாகமம் 12:3ஐ அறிந்த எவருக்கும் இந்த விளக்கம் பிடித்துப்போகும். பூமியின்மேலுள்ள எல்லா மனுஷரிலும் மோசே அதிக சாந்தமுள்ளவராயிருந்தார் என்று அங்கே சாட்சி கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாட்சி எந்தச் சமயத்தில் வருகிறது தெரியுமா? கூடப்பிறந்த அக்காவும் அண்ணனும் அவருக்கு விரோதமாய்ப் பேசின சமயத்தில். கர்த்தர் மோசேயோடு மட்டும்தான் பேசினாரா, எங்களோடும் பேசவில்லையா என்று கேட்டார்கள். மோசே ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. மிரியாம் குஷ்டரோகியாகி வெளியே நின்றபோதுதான் வாயைத் திறந்தார், அதுவும் அவளுக்காக. அந்த ஜெபம் எபிரெயுவில் ஐந்தே வார்த்தைகள். தேவனே, இவளைக் குணமாக்கும் என்று கெஞ்சுகிற ஐந்து சின்ன வார்த்தைகள். "ஆண்டவரே, இவள் என்னைப் பேசினது உமக்குத் தெரியும், இருந்தாலும் பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறேன்" என்று முன்னுரை ஒன்றும் இல்லை. நம்மைப் புறங்கூறினவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார் என்று ஜெபக்குறிப்பு வரும்போது நாம் எப்படி ஜெபிக்கிறோம் என்பதை அவரவர் யோசித்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். மோசே ஆலெப்பை எழுதாமல் விட்டுவிடவில்லை. "நான் ஒன்றுமில்லைங்க, நான் வெறும் தூசுங்க" என்று சொல்லிக்கொண்டே முன்வரிசை நாற்காலி காலியாக இருக்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்க்கிற தாழ்மை உண்டு. அது மோசேயின் தாழ்மை இல்லை. தேவன் கூப்பிட்டார் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. எழுத்து அங்கே இருக்கிறது. அளவுதான் சின்னது.

இந்த ஐந்து ஆகமங்கள் தமிழுக்கு வந்த வழியும் இப்படிப்பட்ட ஒரு தாழ்வான வழிதான். சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி சீர்காழி வழியாகப் போனால் தரங்கம்பாடி. 1706ம் வருஷம் ஜூலை 9ம் தேதி ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு அங்கே வந்து இறங்கினார். வயது 24 கூட நிரம்பவில்லை. ஹாலே பல்கலைக்கழகத்தில் வேதசாஸ்திரம் படித்தவர், குருப்பட்டம் பெற்றவர். ஆனால் தமிழில் ஒரு எழுத்து தெரியாது. என்ன செய்தார்? திண்ணைப் பள்ளிக்கூட வாத்தியாரைப் பிள்ளைகளோடு தன் வீட்டுக்கு வரவழைத்தார். அந்தச் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். ஐரோப்பாவிலிருந்து வந்த ஐயர் நம்மூர்ப் பிள்ளைகளோடு மணலைக் கிளறிக்கொண்டிருந்ததைப் பார்த்து எத்தனை பேர் சிரித்திருப்பார்களோ!

1708ல் தரங்கம்பாடிக் கோட்டையின் தளபதி அவரைச் சிறையில் போட்டார், நான்கு மாதம். வெளியே வந்தும் எழுத்து வேலையை விடவில்லை. 1711ல் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பை முடித்தார், அது 1714-15ல் அச்சாயிற்று. பிறகு ஆதியாகமத்திலிருந்து தொடங்கினார். 1717ல் நம்முடைய கடலூரிலும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார். 1719 பிப்ரவரி 23ம் தேதி, 36 வயதில் மரித்துப்போனார். அப்போது பழைய ஏற்பாட்டில் ரூத் புஸ்தகம் வரைக்கும்தான் முடிந்திருந்தது. மீதியை முடித்தவர் பெஞ்சமின் சூல்ட்சே ஐயர், 1728ல் முழு வேதாகமமும் தமிழில் அச்சாகிவிட்டது. இந்தியாவில் வேறெந்த மொழிக்கும் முன்னே தமிழுக்கு முழு வேதம் கிடைத்தது. நாம் இன்று கையில் வைத்திருக்கிறது அதற்குப் பிறகு பலர் திருத்திச் செப்பனிட்டு, 1871ல் பவர் ஐயர் தலைமையில் வெளிவந்த மொழிபெயர்ப்பு. ஆனாலும் லேவியராகமத்தைத் தமிழில் மொழிபெயர்த்த கை, மணலில் எழுதிப் பழகின கை. தரையில் உட்கார மனமில்லாதவராக இருந்திருந்தால் அவர் கப்பல் ஏறித் திரும்பிப் போயிருப்பார்.

இப்பொழுது ஜெபத்துக்கு வருகிறேன். மோசேயின் ஆகமங்களில் தேவனோடு தைரியமாய் வழக்காடினவர்கள் யார் யார் என்று பாருங்கள். ஆபிரகாம், யாக்கோபு, மோசே. மூவரும் முதலில் குனிந்தவர்கள். சோதோமுக்காக ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும் பேரம் பேசின ஆபிரகாம், தன்னை மண்ணென்றும் சாம்பலென்றும் சொல்லித்தான் பேச்சைத் தொடருகிறார் (ஆதியாகமம் 18:27). ஏசாவுக்குப் பயந்து ஆற்றங்கரையில் நின்ற யாக்கோபு, தேவன் காட்டின தயவில் எந்தச் சிறு பங்குக்கும் தான் தகுதியுள்ளவனல்ல என்று அறிக்கையிட்டான் (ஆதியாகமம் 32:10). ஒரே ஒரு கோலோடு யோர்தானைக் கடந்தவன் இரண்டு கூட்டத்தோடு திரும்பி நிற்கிறான், ஆனால் கண் கோலை மறக்கவில்லை. அந்த இரவில்தான் விடியும் வரைக்கும் போராடி ஆசீர்வாதம் வாங்கினான். மோசேயோ கன்றுக்குட்டி செய்த ஜனத்துக்காக நாற்பது நாள் இரவும் பகலும் முகங்குப்புற விழுந்து கிடந்தார்.

பிரதான ஆசாரியனைப் பாருங்கள். யாத்திராகமம் 28ல் அவனுக்கு எத்தனை மகிமையான உடை! பொன், இளநீலம், இரத்தாம்பரம், மார்பில் பன்னிரண்டு இரத்தினக் கற்கள், அங்கியின் ஓரத்தில் பொன் மணிகள். நடந்தால் சத்தம் கேட்கும். ஆனால் வருஷத்தில் ஒரே ஒரு நாள், பாவநிவாரண நாளில், மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் இரத்தத்தோடு போகும்போது என்ன உடை? லேவியராகமம் 16:4ஐ வாசியுங்கள். பொன் இல்லை, கற்கள் இல்லை, மணிகள் இல்லை. வெறும் சணல்நூல் உடை. அதையும் குளித்துவிட்டு உடுத்தவேண்டும். ஜனத்தின் முன்னே நிற்கும்போது மணிகள் ஒலித்தன. தேவனுக்கு மிக அருகில் போகும்போது மணிச்சத்தமே இல்லாமல் போனான்.

கைதட்டி, சத்தமிட்டு ஜெபிக்கிறதை நான் குறை சொல்லவில்லை. நாம் பெந்தெகொஸ்தே ஜனங்கள், அக்கினி இறங்கினால் சத்தம் வரத்தான் செய்யும். ஆனால் மைக் கையில் இருக்கும்போது வருகிற கண்ணீரும் அந்நிய பாஷையும், வீட்டில் கதவைப் பூட்டின பிறகும் வருகிறதா? நம்முடைய மேசியா பரலோகத்தின் மகிமையைக் கழற்றி வைத்துவிட்டு அடிமையின் ரூபத்தில் வந்தார் (பிலிப்பியர் 2). பந்தியில் எழுந்து மேல்வஸ்திரத்தைக் கழற்றிவிட்டு சீஷருடைய கால்களைக் கழுவினார். கடைசியில் உடுத்தியிருந்ததையும் போர்ச்சேவகர் சீட்டுப் போட்டுப் பங்கிட்டார்கள். அந்தக் கோலத்தில்தான் அவர் நமக்காகத் தமது சொந்த இரத்தத்தோடு உள்ளே பிரவேசித்தார். அவருடைய நாமத்தில் ஜெபிக்கிற நாம் எந்த உடையோடு உள்ளே போகிறோம்?

இனி சொல்லப்போகிறது சிலருக்குக் கசப்பாயிருக்கலாம். இருந்தாலும் ஆவியானவர் உள்ளத்தில் பாரப்படுத்துகிறபடியால் சொல்லுகிறேன்.

2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை நேரம். தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், சிங்காரத்தோப்பு, புதுக்குப்பம் என்று கரையோரம் முழுவதும் கடல் ஏறி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள், அதில் எத்தனையோ சின்னப் பிள்ளைகள். அதற்குப் பிறகு எத்தனை மேடைகளில் கேட்டோம்: "நாங்கள் சபையில் இருந்தோம், கர்த்தர் காப்பாற்றினார். ஆண்டவரைத் தேடாதவங்களைக் கடல் கொண்டுபோச்சு." 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் அடித்தது. பண்ருட்டிப் பக்கம் தாத்தா வைத்த பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. அப்பொழுதும் அதே சாட்சிதான்: "தெருவே போச்சு, என் வீட்டு ஓடு ஒண்ணு அசையல. அவ்வளவு ஜெபம் ஏறெடுத்த வீடு." கூட்டத்தில் அல்லேலூயா முழங்குகிறது. பின்வரிசையில் மரமும் போய், கூரையும் போய், அதே இரவு முழுவதும் அதே ஆண்டவரை நோக்கி முழங்காலில் நின்ற ஒரு விதவைத் தாயார் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறார். அந்த அல்லேலூயா அந்தத் தாயின் காதில் எப்படி விழும்? பக்கத்து வீட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த மீனவக் குடும்பத்தார் அதைக் கேட்டால் நம்முடைய தேவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பிச்சாவரத்துக்குப் போய்ப் பாருங்கள். சுரபுன்னைக் காடுகளுக்குப் பின்னே இருந்த சில குப்பங்களில் அலையின் வேகம் குறைந்தது. கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே மணல்திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அடியோடு அழிந்தது. காட்டுக்குப் பின்னே இருந்தவர்கள் நீதிமான்கள், திட்டில் இருந்தவர்கள் பாவிகள் என்று யார் சொல்லத் துணிவார்? சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த தில்லை மரமும் அந்தச் சதுப்பில்தான் வளருகிறது. அந்தக் காட்டை வளர்த்தவர் கர்த்தர். நம்மில் ஒருவர் ஜெபித்து முளைத்ததல்ல.

தப்பினதற்காக ஸ்தோத்திரம் செலுத்துங்கள், அது நம் கடமை. ஆனால் காரணத்தை எழுதும்போது நம்முடைய பெயரைப் பெரிய எழுத்தில் எழுதாதிருங்கள். உபாகமம் 9ல், கானானுக்குள் போகப்போகிற ஜனத்திடம் மோசே மூன்று தரம் அடுத்தடுத்துச் சொல்லுகிறார்: உங்களுக்கு இது கிடைப்பது உங்கள் நீதியினால் அல்ல. ஒருதரம் சொன்னால் நமக்கு ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடனே அவர்களுடைய கழுத்து வணங்காத குணத்தையும் நினைப்பூட்டுகிறார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி ஆண்டவரும் இதையே கேட்டார் (லூக்கா 13:4). செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா? இல்லை என்று அவரே பதில் சொல்லி, கேட்டவர்களைப் பார்த்து நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். பரிசேயனுடைய ஜெபமும் ஸ்தோத்திரத்தில்தான் ஆரம்பித்தது, மறந்துவிடாதிருங்கள். பக்கத்தில் நின்ற ஆயக்காரனை அளவுகோலாக வைத்தானே, அங்கேதான் கெட்டது.

அப்படியானால் சாட்சி எப்படிச் சொல்லுவது? அதற்கும் தோராவிலேயே மாதிரி இருக்கிறது. உபாகமம் 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடையின் முதற்கனியைக் கூடையில் வைத்து ஆசாரியனிடத்தில் கொண்டுவருகிற விவசாயி என்ன சொல்லவேண்டும் என்று கர்த்தர் வார்த்தை வார்த்தையாகக் கற்றுக்கொடுக்கிறார். நான் நேரத்துக்கு உழுதேன், நான் தசமபாகம் தவறினதில்லை, அதனால் விளைந்தது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. என் தகப்பன் வீடுவாசல் இல்லாமல் அலைந்தவன், நாங்கள் எகிப்தில் ஒடுக்கப்பட்டோம், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், கொண்டுவந்தார், கொடுத்தார், இதோ கொண்டுவந்திருக்கிறேன். இவ்வளவுதான். சொல்லி முடித்ததும் கூடையைத் தேவசந்நிதியில் வைத்துப் பணிந்துகொள்ள வேண்டும். பிறகு, நிலமில்லாத லேவியனையும் ஊரில் தங்கியிருக்கிற அந்நியனையும் கூட்டிக்கொண்டு சந்தோஷப்பட வேண்டும் (26:11). சாட்சியின் கடைசியில் சாப்பாடு இருக்கிறது பாருங்கள், அதுவும் நமக்கு வேண்டாதவன் என்று நாம் நினைக்கிறவனோடு. வீராணம் பாசனத்தில் சம்பா அறுத்து வருகிற நம் விசுவாசிகளுக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறு எங்கே கிடைக்கும்?

ஆகவே சபையாருக்கு ஒரு அறிவிப்பு. வருகிற மாதம் முழுவதும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் லேவியராகமத்தை முதல் அதிகாரத்திலிருந்து சத்தமாய் வாசிக்கப் போகிறோம். ஒருவர் மாற்றி ஒருவர் வாசிக்கலாம், வாலிபப் பிள்ளைகள் முதலில் வரட்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் முன்னாலே பாயில் உட்கார்ந்து கேட்கலாம். வாசித்து முடிந்ததும் பத்து நிமிஷம் மைக்கை நிறுத்திவிட்டு, எல்லாரும் முழங்காலில் இருந்து அவரவர் மெதுவாய் ஜெபிக்கவேண்டும். அதற்குப் பிறகு சாட்சி நேரம். சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் உபாகமம் 26:5 முதல் 10 வரை வீட்டில் ஒருதரம் வாசித்துவிட்டு வாருங்கள். புயலிலோ வெள்ளத்திலோ இழந்துபோனவர்கள் யாராவது பேச விரும்பினால், அவர்களே முதலில் பேசட்டும். ஆராதனை முடிந்து கஞ்சி உண்டு. பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களையும், அவர்கள் எந்த மார்க்கத்தாராயிருந்தாலும், கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.